வேலமரத்தின் பங்காளிகள்

உடுமலைப்பேட்டையிலிருந்து தாராபுரம், காங்கேயம் என்று போகப்போக கொறங்காடுகள் கண்ணில் படத் தொடங்கும். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். எங்கள் பக்கம் வெள்ளவேலா மரம் என்போம். மழை பொய்த்த வருஷத்திலும் காங்கேயம் மாடும் ஆடும் தாக்குப்பிடிப்பது இந்த ஏற்பாட்டை நம்பித்தான். புல் காய்ந்துபோன கோடையிலும் வேலாங்காய் உதிரும். ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்று நாளை ஓட்டிவிடும்.

இந்த மரத்துக்குத் தாவரவியலில் அக்கேசியா லூக்கோஃபிளியா என்று பெயர். கருவேலத்துக்கு அக்கேசியா நைலோட்டிகா. பெயர் என்றா சொன்னேன்? பெயராக இருந்தது என்று சொல்ல வேண்டும். இப்போது இரண்டும் அக்கேசியா கிடையாது. வேச்செல்லியா லூக்கோஃபிளியா, வேச்செல்லியா நைலோட்டிகா. மரம் அதே மரம், முள் அதே முள். பெயர் மட்டும் கைமாறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது.

எப்படிப் போனது என்று தேடப்போனால் கதை இரண்டு பக்கம் இழுக்கிறது. ஒரு பக்கம் 2005இல் வியன்னாவில் நடந்த ஒரு வாக்கெடுப்பு. இன்னொரு பக்கம் 1834இல் வெளிவந்த ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர் பிறகு கோயம்புத்தூரில் குடியிருந்து பருத்தி பயிரிட்டவர். அவரிடமிருந்தே தொடங்கலாம்.

*

ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர், 1796இல் பிறந்தவர். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அந்தக் காலத்து வைத்தியருக்கு மருந்து என்றால் பெரும்பாலும் செடிதான். ஆகவே கம்பெனி வைத்தியர்களில் பலர் தாவரவியல்காரர்களாகவும் இருந்தார்கள். வைட்டுக்கு அது பக்கவேலையாக நிற்கவில்லை. ஆள் வைத்துச் செடி சேகரித்தார், காயவைத்துத் தாளில் ஒட்டினார், உள்ளூர் ஓவியர்களை அமர்த்தி வரைய வைத்தார். 1831இல் விடுப்பில் ஊர் திரும்பியபோது சேகரித்ததையெல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட் என்ற நண்பரோடு உட்கார்ந்து எழுதிய நூல்தான் 1834இல் வந்த தென்னிந்தியத் தாவரங்களின் ‘புரோட்ரோமஸ்’. முதல் தொகுதியோடு நின்றுபோன நூல் அது.

நின்றுபோன நூலுக்கு ஏன் இத்தனை மதிப்பு? அது செடிகளை அடுக்கிய முறைக்காக.

அதற்கு முன்னால் தென்னிந்தியாவில் கோலோச்சியது லின்னேயஸின் முறை. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768லேயே தரங்கம்பாடிக்கு வந்துவிட்டார். அந்த முறை எளிமையானது. பூவைப் பிரி, மகரந்தத் தாள்களை எண்ணு, எண்ணிக்கைப்படி வகுப்பில் போடு. மொத்தம் 24 வகுப்புகள். காட்டில் நிற்கும் வைத்தியருக்கு இது வரப்பிரசாதம், அரைமணி நேரத்தில் செடி எந்த வகுப்பு என்று தெரிந்துவிடும். ஆனால் விளைவைப் பாருங்கள். 1753இல் வந்த லின்னேயஸின் நூலில் புளியமரம் 3ஆம் வகுப்பில் இருக்கிறது. அவரை 17ஆம் வகுப்பில். கருவேலம் 23ஆம் வகுப்பில். மூன்றின் காயையும் கையில் வைத்துப் பார்க்கிற எந்தக் குழந்தையும் ‘எல்லாம் ஒரே ஜாதிக் காய்’ என்று சொல்லிவிடும். லின்னேயஸின் கணக்குப்படி அவை வேறு வேறு ஊர்க்காரர்கள். பூவே இல்லாத பெரணி, பாசி, காளான் எல்லாவற்றையும் வாரிக் கடைசி 24ஆம் வகுப்பில் போட்டிருந்தார், பட்டா இல்லாத நிலத்தைப் புறம்போக்கில் சேர்க்கிற மாதிரி.

இந்தக் குறை லின்னேயஸுக்கே தெரியும். 1789இல் பிரான்சின் ஜுஸ்ஸியூ, பிறகு டி கேண்டோல் ஆகியோர் வேறு வழி எடுத்தார்கள். ஒரே ஒரு உறுப்பை எண்ணாமல் விதை, காய், பூ, இலை என்று பல குணங்களைச் சேர்த்துப் பார்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிற செடிகளைக் குடும்பமாகக் கட்டுவது. இதற்கு ‘இயற்கை முறை’ என்று பெயர். வைட்டும் ஆர்னாட்டும் தென்னிந்தியச் செடிகளை இந்த முறையில் அடுக்கினார்கள். இந்தியத் தாவரங்களை அப்படி அடுக்கிய முன்னோடி நூல்களில் ஒன்று அது. புளியும் அவரையும் கருவேலமும் அதில் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

அந்த நூலில் இன்னொரு சிறு காரியமும் நடந்தது. கஸ்தூரி வேல் என்று ஒரு முள்செடி உண்டு, மணக்கிற மஞ்சள் பூ. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே பரவிய செடி. அதன் காய் மற்ற வேலங்காய்களைப் போல வெடிக்காமல் உருண்டு சதைப்பற்றோடு இருப்பதைப் பார்த்து, இதைத் தனிப் பேரினமாக வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். மக்காவோவில் கம்பெனியின் பாதிரியாராக இருந்து செடி சேகரித்த வேச்செல் என்பவரின் நினைவாக ‘வேச்செல்லியா’ என்று பெயர் வைத்தார்கள். கருவேலத்தை அதில் சேர்க்கவில்லை. அது அதே புத்தகத்தில் அக்கேசியாவாகவே இருந்தது.

இந்தப் பெயர் அதிக நாள் நிற்கவில்லை. ஜார்ஜ் பெந்தம் மொத்த வேல இனத்தையும் சீர்படுத்தியபோது, மகரந்தத் தாள்கள் நிறையவும் தனித்தனியாகவும் இருந்தால் அக்கேசியா, அடியில் ஒட்டியிருந்தால் வாகைப் பக்கம் என்று கோடு போட்டார். கஸ்தூரி வேலுக்குத் தாள்கள் தனித்தனி. ஆகவே வேச்செல்லியா அக்கேசியாவுக்குள் கரைந்தது. தாவரவியலில் இப்படிக் கரைந்த பெயரை ‘மறுபெயர்’ என்று குறித்துவைப்பார்கள். வீட்டுப் பரணில் போட்ட சாமான் மாதிரி. பயன்பாட்டில் இல்லை, ஆனால் யாரும் தூக்கி எறியவும் முடியாது.

*

1834இல் வைட் இந்தியா திரும்பினார். இரண்டு வருஷத்தில் கம்பெனி அவரை வருவாய்த் துறைக்கு மாற்றி, பருத்தி, புகையிலை போன்ற விளைபொருட்களை ஆராயச் சொன்னது. மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீள இழைப் பருத்தி வேண்டும். அமெரிக்காவை மட்டும் நம்பியிருக்க அவர்களுக்கு விருப்பமில்லை. 1840இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து பத்து பருத்தித் தோட்டக்காரர்களையே கூட்டிவந்தது கம்பெனி. 1842இல் கோயம்புத்தூர் பருத்திப் பண்ணை வைட்டின் பொறுப்பில் வந்தது. 1853இல் ஊர் திரும்பும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

அந்த முயற்சி வணிகமாக வேரூன்றவில்லை. உழவர்கள் நாட்டுப்பருத்தியை விடவில்லை. அமெரிக்க இனம் கோவை வட்டாரத்தில் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்போடியா பருத்தி வந்த பிறகுதான். நாட்டுப்பருத்திக்கு 26 குரோமோசோம்கள், அமெரிக்கப் பருத்திக்கு 52 என்பது வைட்டின் காலத்தில் யாருக்கும் தெரியாது. பழைய உலகப் பருத்தியின் வம்சமும் அமெரிக்கக் காட்டுப்பருத்தியின் வம்சமும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கலந்து உருவானது அந்த 52. கண்ணுக்கு இரண்டும் பருத்திதான். உள்ளே அவற்றின் குடும்பக் கதை வேறு.

பகலில் பருத்தி என்றால், மற்ற நேரமெல்லாம் வைட்டுக்குப் படம். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த ‘ஐகோன்ஸ்’ நூலில் 2,101 படங்கள். பெரும்பகுதியை வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. பூவை அறுத்துச் சூலகத்தின் உள்ளறையைப் பெரிதாக்கிக் காட்டும் படங்கள் அவை. அழகுக்காக மட்டும் வரைந்தவை இல்லை, செடியின் உறவைத் தீர்மானிக்கப் பயன்பட்ட ஆவணங்கள். இன்றும் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் அந்த ஓவியங்களைப் பாதுகாக்கிறார்கள்.

*

இயற்கை முறையில் ஒரு பெரிய கேள்விக்குப் பதில் இல்லாமல் இருந்தது. செடிகள் ஏன் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன? 1859இல் டார்வின் பதில் சொன்னார்: ஒரே மூதாதையின் வாரிசுகள் என்பதால். ‘குடும்பம்’ என்று உவமையாகச் சொல்லிவந்தது நிஜமாகவே குடும்பமாக ஆனது. ஆனால் டார்வினின் நெருங்கிய நண்பரான ஹூக்கரும் பெந்தமும் சேர்ந்து 1862 முதல் 1883 வரை எழுதிய மாபெரும் வகைப்பாட்டில்கூட வம்சாவளி கிடையாது. ஒற்றுமைப்படி அடுக்கியதுதான். இந்தியத் தாவரவியல் வகுப்புகள் பல தலைமுறைக்கு அந்த அடுக்கிலேயே பாடம் நடத்தின.

ஒற்றுமை வேறு, உறவு வேறு என்பதைக் கொங்குநாட்டில் விளக்கவே வேண்டாம். ஒரே கூட்டத்துக்காரர்கள் நான்கு ஊர் தள்ளி, பார்த்தே இராவிட்டாலும் பங்காளிகள்தான், கல்யாணம் பேச முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு ஒட்டிப் பழகினாலும் பங்காளி ஆக முடியாது. முகஜாடை ஒத்திருப்பது கணக்கில் வராது. தாவரங்களிலும் அதேதான். அமராவதி அணைப் பக்கத்து முள்காட்டில் சதுரக்கள்ளி நிற்கும், சப்பாத்திக்கள்ளியும் நிற்கும். இரண்டையும் ‘கள்ளி’ என்றுதான் சொல்கிறோம். சதுரக்கள்ளி ஆமணக்கின் குடும்பம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த கேக்டஸ் குடும்பம். வறட்சி இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே தமிழ், மரமாக நிற்கிற நெல்லிக்கும் முழங்கால் உயரம்கூட வளராத கீழாநெல்லிக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறது. அங்கே நம் ஆட்கள் சொன்னது சரி, இரண்டும் ஒரே குடும்பம்.

சாயலை நம்பாமல் வம்சத்தைக் கண்டுபிடிக்க டிஎன்ஏ வந்தது. இதில் என்ன கஷ்டம் என்பது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு உடனே பிடிபடும். 10 இனங்களுக்கு இடையே சாத்தியமான வம்சாவளி மரங்கள் எத்தனை? இருகிளையாகப் பிரியும் வேருள்ள மரங்களை மட்டும் எண்ணினாலே 3,44,59,425. 20 இனங்கள் என்றால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே நல்ல மரத்தைக் குறுக்குவழியில் தேடுகிற நிரல்கள் வேண்டும். 1993இல் ஏறத்தாழ 500 விதைத் தாவரங்களின் ஒரே ஒரு மரபணுவை ஒப்பிட்டு ஒரு பெரிய மரம் வரைந்தார்கள். 1998இல் ‘ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப்’ என்ற குழு அதன் அடிப்படையில் பூக்கும் தாவரங்களுக்குப் புதிய வகைப்பாட்டை வெளியிட்டது. 2003, 2009, 2016 என்று திருத்திக்கொண்டே வந்தது.

இந்தப் புதிய மரத்தில் விதி ஒன்றுதான். ஒரு குழு என்றால் ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் இருக்க வேண்டும். யாரையும் விடக்கூடாது, வெளியாளையும் சேர்க்கக்கூடாது. இந்த விதியை வைத்தவுடன் பழைய வீடுகள் பல இடிந்தன. இலவமரத்தின் குடும்பம் பருத்தியின் குடும்பத்துக்குள் கலந்தது. பாடப்புத்தகத்தில் நாம் ‘டெரிடோபைட்டுகள்’ என்று ஒரே பாடமாகப் படித்த கூட்டமும் உடைந்தது. நீரைக் கடத்தும் குழாய்த் திசு உள்ள தாவரங்கள் எல்லாம் ஒரே பெரிய வம்சம். 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதில் முதல் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. செலாஜினெல்லா போன்ற லைக்கோபைட்டுகள் ஒரு பக்கம். பெரணிகளும் விதைத் தாவரங்களும் இன்னொரு பக்கம். ஆனைமலைச் சரிவில் ஒரே ஈரப்பாறையில் பெரணியும் செலாஜினெல்லாவும் ஒட்டி வளரும். அந்தப் பெரணிக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் சமவெளியில் நிற்கிற மாமரம்.

*

இப்போது வேலத்துக்கு வரலாம். உலகம் முழுவதும் 1,300க்கு மேற்பட்ட இனங்களை வைத்திருந்த அக்கேசியா பேரினத்தை டிஎன்ஏ சோதித்தபோது, அது ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்தது. கருவேலம், வெள்வேலம், கஸ்தூரி வேல் ஆகியவை ஒரு கூட்டம். இலைக்காம்பின் அடியில் இரட்டை இரட்டையாக நேர் முள் இருப்பது அவற்றின் அடையாளம். சீயக்காய் இன்னொரு கூட்டம், கொக்கிமுள் உள்ளது. ஆஸ்திரேலியாவின் ஆயிரத்துக்கு அருகில் வரும் இனங்கள் மூன்றாவது கூட்டம். அதற்குக் கருவேலத்தைவிட வாகைதான் நெருங்கிய உறவு. மகரந்தத் தாளை வைத்துப் பெந்தம் போட்ட கோடு வம்சத்தின் கோடு அல்ல.

பிரித்தே ஆக வேண்டும். இதில் பெரிய சண்டை இல்லை. சண்டை எங்கே வந்தது? அக்கேசியா என்ற பெயர் யாருக்கு என்பதில்.

விதிப்படி, பேரினத்தின் பெயர் அதன் மூல மாதிரி எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்தக் கிளைக்குப் போக வேண்டும். அக்கேசியாவின் மூல மாதிரி கருவேலம். ஆகவே பெயர் நம் மரத்துக்கே சேர வேண்டும். அப்படியானால் ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் இனங்களுக்கும் பெயர் மாற்ற வேண்டிவரும். அதைத் தவிர்க்க, மூல மாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்றிவிடலாம் என்று 2003இல் ஒரு முன்மொழிவு வைத்தார்கள். குறைந்த பெயர்மாற்றம், குறைந்த குழப்பம் என்பது அவர்கள் வாதம். நிபுணர் குழு அதை ஏற்றது. 2005இல் வியன்னாவில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்த்தவர்கள் 54.9 சதவீதம், ஆதரித்தவர்கள் 45.1 சதவீதம். ஆனால் குழுவின் பரிந்துரையைக் கவிழ்க்க 60 சதவீதம் வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஆக, பாதிக்கு மேல் எதிர்த்தும் முன்மொழிவு நின்றது. ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஆட்சேபம் எழுந்தது. 2011இல் மெல்போர்ன் மாநாட்டிலும் முடிவு மாறவில்லை.

உறவு என்பது கண்டுபிடிக்கப்படுவது. பெயர் என்பது முடிவு செய்யப்படுவது. முன்னதற்கு ஆய்வகம் போதும். பின்னதற்குக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை சதவீதத்தில் கவிழும் என்பதெல்லாம் கணக்கு. குழப்பம் குறையும் என்று ஆஸ்திரேலியர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் கோப்புகளில் பெயர் மாற்றுவதைவிட இருநூறில் மாற்றுவது சுலபம் என்பது எனக்கும் புரியும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் எடைபோட்டால், ஒரு கண்டம் முழுக்க ஆட்டுக்கும் ஏருக்கும் பிசினுக்கும் பயன்பட்டு, அந்தப் பெயருக்கே மூலமாக இருந்த மரத்துக்குத் தட்டில் இடமே இருக்காது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இது இன்னும் உறுத்தும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம், மலைவாசிகள் சீகை மரம் என்பது, சோலைப்புல்வெளியைத் தின்று பரவியது. அதுதான் இன்று அக்கேசியா. பூர்வீகக்காரனின் பெயர் வந்தேறிக்குப் போயிருக்கிறது.

எப்போதும் இப்படியே நடப்பதில்லை. 2022இல் புரோசோபிஸ் பேரினத்தையும் இதே மாதிரி உடைத்தார்கள். அதன் மூல மாதிரி நம் வன்னி மரம். இம்முறை பெயர் வன்னியோடே தங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்து கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்ட சீமைக்கருவேலம் வெளியே போய் ‘நெல்டுமா’ ஆனது. அது கருவேலத்துக்கும் பங்காளி இல்லை, வன்னிக்கும் நேர்ப் பங்காளி இல்லை என்பது அதிகாரபூர்வமாகிவிட்டது.

சரி, பெயர் இழந்த கருவேலத்தை என்னவென்று அழைப்பது? அதற்கும் விதி உண்டு. அந்தக் கூட்டத்தில் எந்த உறுப்பினருக்காவது முன்பு வைத்த பேரினப் பெயர் பரணில் கிடந்தால், அதில் மிகப் பழையதை எடுக்க வேண்டும். தேடினார்கள். 1834, வைட்டும் ஆர்னாட்டும், கஸ்தூரி வேல், வேச்செல்லியா. நூற்றுச்சொச்சம் ஆண்டுகளாகத் தூசி படிந்திருந்த பெயரை இறக்கினார்கள். பெயருக்குரிய பாதிரியாருக்கும் கொங்கு மண்ணுக்கும் சம்பந்தமில்லை. பெயரை முதலில் தாங்கிய செடியும் இந்த நாட்டுச் செடி இல்லை. ஆனால் வைத்தவர் கோயம்புத்தூரில் பதினோரு வருஷம் பருத்திப் பண்ணை நடத்தியவர்.

*

வைட் இன்னொரு பெயரும் வைத்தார். 1853இல், ‘ஐகோன்ஸ்’ கடைசித் தொகுதியில், ஓர் ஆர்க்கிட் செடிக்குக் ‘கோவிந்தூயா’ என்று பேரினப் பெயர் சூட்டினார். தன் ஓவியர் கோவிந்துவின் நினைவாக. அந்தக் காலத்தில் பேரினப் பெயர்கள் பெரும்பாலும் கவர்னருக்கும் பாதிரிக்கும் சக விஞ்ஞானிக்கும் போகும். கூலிக்கு வரையும் இந்திய ஓவியர் ஒருவருக்குக் கொடுத்தது அபூர்வம்.

அதுவும் நிலைக்கவில்லை. அந்தச் செடி, லிண்ட்லி 1833லேயே பெயர் வைத்த ‘டிராபிடியா’வின் பங்காளி என்று தெரியவந்தது. பழைய பெயருக்கே முன்னுரிமை. கோவிந்தூயா கரைந்தது. இங்கே வாக்கெடுப்பு இல்லை, யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. உறவு சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டதன் விலை அது. கருவேலத்தின் இழப்பைப் பற்றி வாதாடலாம், கோவிந்துவின் இழப்பைப் பற்றி வாதாட முடியாது.

ஆனால் கரைந்த பெயர் அழிவதில்லை. டிராபிடியாவை யாராவது நாளை மறுபடி டிஎன்ஏ கொண்டு சோதித்து, அது இரண்டு வம்சம் என்று காட்டி, கோவிந்து வரைந்த அந்தச் செடி தனிக் கிளையில் விழுந்தால், விதி தன் வேலையைச் செய்யும். பரணில் ஏறித் தேடுவார்கள். அங்கே 1853 என்று தேதி போட்டு ஒரு பெயர் இருக்கிறது.